வெயிலைப் பிடிக்கும் பெட்டிகள்: கடன் தீர்மானம் போடும் முன் கற்றுக்கொள்வோம்



இந்த இதழில் நம் பாடம் வெயில். "வெயிலுக்குக்கூடப் பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். மிளகாய் காய வைக்கவும், வடாம் பிழியவும், கருவாடு போடவும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் அம்மா, ஆயா காலத்திலிருந்து வந்த கைப்பழக்கம் அது. ஆனால் இப்போது அந்த வெயிலையே பிடித்துத் தருகிறோம் என்று பலவிதக் கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. சோலார் ஹீட்டர், சோலார் உலர்த்தி, சோலார் அடுப்பு என்று பெயரும் பலவிதம். தாம்பரம், வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உணவுப்பொருள் தயாரிக்கும் குழுக்களுக்கு இதில் ஆசை வருவது இயல்பு.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கருவி வாங்கக் கடன் எடுத்தால், தவணை கட்டப்போவது விற்றவர் இல்லை, நாம்தான். வேலைக்குப் பொருந்தாத கருவியை வாங்கிவிட்டால் அது மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடக்கும், தவணை மட்டும் மாதாமாதம் ஓடும். ஆகவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம்: நம் வேலைக்கு எத்தனை டிகிரி சூடு வேண்டும்? அந்தச் சூட்டைத் தருகிற கருவி எது? இது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

"சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே?" என்று கேட்கிறோம். "சோலார் போட்டா வெந்நீர் வருமாமே?" என்றும் கேட்கிறோம். இரண்டும் ஒரே கருவி இல்லை.

வெயிலில் வெளிச்சமும் உண்டு, சூடும் உண்டு. வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுவது ஒரு கருவி. நீல நிறத்திலோ கறுப்பாகவோ பலகை மாதிரி இருக்கும், அதிலிருந்து ஒயர் வரும். வெயிலின் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்கோ காற்றுக்கோ கொடுப்பது இன்னொரு கருவி. அதிலிருந்து குழாய் வரும், அல்லது சூடான காற்று வரும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் வெப்பச் சேகரிப்பான் என்று பெயர். ஒயர் வந்தால் மின்சாரம், குழாய் வந்தால் சூடு. இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இது ஏன் முக்கியம்? மானியம் என்ற பேச்சு வரும்போதுதான் ஏமாற்றம் நடக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் மின்சாரப் பலகைக்கானது. வெந்நீர்ப் பெட்டிக்கு அந்த மானியம் கிடையாது. வெந்நீர்க் கருவிக்கு மத்திய அரசு முன்பு கொடுத்து வந்த மானியம் 2014-ல் நிறுத்தப்பட்டது. "மானியம் வரும், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று யாராவது வெந்நீர்க் கருவி விற்க வந்தால், எந்தத் திட்டம், எந்த அரசாணை என்று எழுத்தில் கேளுங்கள்.

பெட்டி எப்படி வெயிலைப் பிடிக்கிறது?

சித்திரை மதியம் கோவில் பிராகாரத்தில் கருங்கல் தரையில் கால் வைத்திருப்போம். பக்கத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் கால் வைத்தால் சுடாது. ஒரே வெயில்தான், ஒரே தரைதான். கறுப்பு வெயிலை விழுங்குகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது. இதுதான் முதல் பாடம்.

இரண்டாவது, கண்ணாடி. கதவை மூடி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஏறினால் வெந்து போகிறோம். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே சூடான பொருளிலிருந்து கிளம்பும் அனலைக் கண்ணாடி அவ்வளவு எளிதில் வெளியே விடாது. காற்றும் வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போக முடியாது.

மூன்றாவது, மெத்தை. வடித்த சோற்றுப் பானையைச் சாக்கில் சுற்றி வைத்தால் சூடு ஆறாமல் இருக்கும். அதுபோலப் பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் கம்பளி போன்ற பொருளை வைத்து அடைத்திருப்பார்கள்.

நான்காவது, சூட்டைச் சுமந்து செல்ல ஒரு ஆள். அது தண்ணீராக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், சமையல் பாத்திரமாகவும் இருக்கலாம்.

கறுப்பு, கண்ணாடி, மெத்தை, சுமப்பவர். எந்த வெயில் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் இந்த நாலு பேரைத் தேடுங்கள்.

இந்தப் பெட்டிக்கு வயது அதிகம். 1767-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து விஞ்ஞானி சொசூர் என்பவர், பல அடுக்குக் கண்ணாடி போட்டு ஒரு பெட்டி செய்தார். அதன் உள்ளே தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டியது. அதற்குப் பிறகு இந்த வேலையில் பெரிய பெயர் எடுத்தவர் ஒரு பெண். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மரியா டெல்கஸ். 1948-ல் அமெரிக்காவின் டோவர் என்ற ஊரில் வெயிலின் சூட்டைக் கொண்டே குளிர்காலத்தைக் கழிக்கும் வீடு ஒன்றை உருவாக்கினார். வீட்டை வடிவமைத்தவர் எலினோர் ரேமண்ட், பணம் போட்டவர் அமேலியா பீபாடி. மூவருமே பெண்கள்! சில குளிர்காலங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் சூட்டைச் சேமித்து வைக்கும் உப்புக்கலவை பழுதானது. அதற்காக டெல்கஸ் ஓய்ந்துவிடவில்லை. அடுத்து ஏழை நாட்டு மக்களுக்காக எளிய சூரிய அடுப்பு வடிவமைத்தார்.

நம் ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது?

வெயிலையும் அளக்கலாம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைத் தாண்டும்போது தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 1998-ல் காற்றாலைக்கான மையமாகத் தொடங்கியது. பெயரில் காற்று இருந்தாலும் வெயிலை அளக்கும் பொறுப்பும் அதனிடம் வந்தது. 2011-ல் முதல் கட்டமாக நாடு முழுக்க 51 இடங்களில் வெயிலை அளக்கும் தானியங்கி நிலையங்களை அது அமைத்தது.

நாம் மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்றுதான். சென்னைப் பக்கம் ஒரு சதுர மீட்டர் இடத்தில், அதாவது ஏறக்குறைய மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி இடத்தில், வருடச் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். பங்குனி, சித்திரையில் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறையும்.

இந்த 5 யூனிட்டை மறக்காதீர்கள். விற்பவர் சொல்வது நிஜமா என்று பார்க்க நமக்கு இதுதான் தராசு.

சூட்டுப் படிக்கட்டு

வெயில் கருவிகளை ஒரு படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்வோம்.

முதல் படி, 30 முதல் 40 டிகிரி. இங்கே பெட்டியே வேண்டாம். கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆழமில்லாத பாத்தி, கடல் தண்ணீர், வெயில், காற்று. இவ்வளவுதான் முதலீடு. கடலே ஒரு பெரிய வெயில் தொட்டிதான். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பயன்படுத்தி, 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தது. வெயிலில் சூடான மேல்மட்டத் தண்ணீர் ஆவியாகிறது, ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் அந்த ஆவியைத் திரும்ப நீராக்குகிறது. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்ற அளவில் அது கட்டப்பட்டது.

இரண்டாம் படி, 45 முதல் 60 டிகிரி. உலர்த்திகள்.

மூன்றாம் படி, 60 முதல் 80 டிகிரி. வெந்நீர்க் கருவிகள்.

நான்காம் படி, 100 முதல் 140 டிகிரி. பெட்டி அடுப்பு.

ஐந்தாம் படி, 150 டிகிரிக்கு மேல். கண்ணாடி வைத்து வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும் கிண்ண அடுப்பும் நீராவி அடுப்பும். இதற்கும் மேலே, ராஜஸ்தானில் 2013-ல் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் மாதிரி, நீண்ட தொட்டி வடிவக் கண்ணாடிகளால் எண்ணெயை 400 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி மின்சாரமே எடுக்கிறார்கள்.

மேலே ஏற ஏறச் செலவும் கூடும், பராமரிப்பும் கூடும். நம் வேலை இரண்டாம் படியில் முடியும் என்றால் ஐந்தாம் படிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வெந்நீர்க் கருவி: இரண்டு வகை

*தட்டைப் பெட்டி.* பார்ப்பதற்கு ஒற்றைக் கதவு மாதிரி, 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் இருக்கும். மேலே கெட்டிக் கண்ணாடி, உள்ளே கறுப்புப் பூச்சுப் பூசிய செம்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய செம்புக் குழாய்கள். தண்ணீர் குழாயில் சூடாகிறது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கும். உலைப்பானையில் அரிசி மேலும் கீழும் சுழல்வதைப் பார்க்கிறோமே, அதே விஷயம். அதனால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நிபந்தனை: வெந்நீர்த் தொட்டி பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் சுற்று தலைகீழாகி, சேர்த்த சூடெல்லாம் ஆறிப்போகும்.

*கண்ணாடிக் குழல்.* காப்பி ஊற்றி வைக்கும் பிளாஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழல், இரண்டு சுவருக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போக வழி இல்லை. மேகமூட்டமும் குளிர்காற்றும் உள்ள நாளிலும் ஓரளவு வேலை செய்யும். விலை பொதுவாகத் தட்டைப் பெட்டியைவிடக் குறைவு. ஆனால் தேங்காய் மட்டை விழுந்தால் உடையும். காலியாக வெயிலில் காய்ந்த குழலில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விடும்.

எது நல்லது என்பதை நம் ஊர்த் தண்ணீர்தான் தீர்மானிக்கும். தென்சென்னைப் புறநகரில் பல போர்களில் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர். தண்ணீர் சுட வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே படிவு தட்டைப் பெட்டியின் மெல்லிய செம்புக் குழாயிலும் படிந்து அடைத்துவிடும். கண்ணாடிக் குழல் அகலமானது என்பதால் அடைக்க நாளாகும், ஆனாலும் அவ்வப்போது கழுவ வேண்டும். கடினத் தண்ணீர் உள்ளவர்கள் தட்டைப் பெட்டிதான் வாங்குவது என்றால், நல்ல தண்ணீர் பெட்டிக்குள்ளேயே சுற்றி, நம் தண்ணீரை வெளியிலிருந்து சூடாக்கும் வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். தட்டைப் பெட்டிக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 12933. அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு சூடு வேண்டும்? 32 டிகிரி ஏற்ற வேண்டும். 100-ஐ 32-ஆல் பெருக்கினால் 3,200 கிலோ கலோரி. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆக, ஏறக்குறைய மூன்றே முக்கால் யூனிட். இரண்டு சதுர மீட்டர் பெட்டியில் ஒரு நாளைக்கு 10 யூனிட் வெயில் விழுகிறது. கண்ணாடி, குழாய், தொட்டி வழியாகப் போனது போக நாலு யூனிட் அளவு நம் கைக்கு வரும். "2 சதுர மீட்டருக்கு 100 லிட்டர்" என்று சொல்வதன் அர்த்தம் இதுதான்.

இதையே கேஸ் அடுப்பில் சுட வைத்தால் ஏறக்குறைய அரைக் கிலோ கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒரு மாதத்துக்குக்கூட வராது!

அப்படியானால் எல்லோரும் வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நம் வீட்டில் வருடத்தில் எத்தனை நாள் வெந்நீரில் குளிக்கிறோம்? மார்கழி, தை, பிறகு குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் உடம்பு சரியில்லாத நாள். சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது. மற்ற நாளெல்லாம் கருவி சும்மா காயும். ஆகவே நம் பக்கம் தனி வீட்டுக்காக இதைக் கடனில் வாங்குவது லாபமான காரியம் இல்லை. ஆனால் இட்லிக் கடை, மெஸ், விடுதிச் சமையல், சத்துணவு சமைக்கும் இடம், பாத்திரம் கழுவும் வேலை என்று தினமும் வெந்நீர் வேண்டிய தொழில் செய்யும் குழுவுக்குக் கணக்கு வேறு. உலைத் தண்ணீர் 28 டிகிரியில் தொடங்காமல் 60 டிகிரியில் தொடங்கினால், தினமும் கேஸ் மிச்சம்.

உலர்த்தி: நமக்கு மிகவும் நெருக்கமானது

திறந்த வெளியில் காய வைக்கும்போது நமக்கு என்னென்ன கஷ்டம்? லாரி போகும் புழுதி, ஈ, காக்கா, நாய், திடீர் மழை. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை காய வைக்கவே பயம். வாங்குகிற கடைக்காரர் மண் இருக்கிறது என்று விலையைக் குறைப்பார். உலர்த்தியின் முதல் லாபம் வேகம் இல்லை, சுத்தம். அதை ஞாபகம் வைப்போம்.

உலர்த்தி எப்படி வேலை செய்கிறது? பொருளைக் காய வைப்பது சூடு மட்டும் இல்லை, காற்றும்தான். காற்று சூடானால் அதன் தாகம் கூடும். நம் கடலோரப் பக்கம் 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்று வைப்போம். அதே காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் நூற்றுக்கு 26 ஆகிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் குறையவில்லை, குடிக்கும் திறன்தான் கூடியது. அந்தக் காற்று பொருளிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெளியே போக வேண்டும். அதனால் கீழே காற்று நுழைய வழியும், மேலே வெளியேற வழியும் கட்டாயம் வேண்டும். மேல் வழி சின்னதாக இருந்தால் கண்ணாடியில் நீர் கோத்து, பொருள் காயாமல் அவிந்துபோகும்.

வகை மூன்று:

1. நேர் உலர்த்தி. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தட்டில் பொருள். வெயில் பொருள் மேலேயே விழும். மிளகாய், வத்தல், வடாம் ஆகியவற்றுக்குப் போதும்.

2. மறைமுக உலர்த்தி. ஒரு கறுப்புப் பெட்டியில் காற்று மட்டும் சூடாகி, பக்கத்து அறையில் அடுக்கி வைத்த பொருள் வழியாகப் போகும். பொருள் மேல் வெயில் படாது. முருங்கைக் கீரை, கறிவேப்பிலை, புதினா, துளசி இவற்றின் பச்சை நிறமும் மணமும் கெடாமல் இருக்க இதுதான் சரி.

3. கூடார உலர்த்தி. வெயிலைத் தாங்கும் கெட்டிப் பாலிதீன் போட்ட சின்னக் குடில். அதிக அளவுக்கு ஏற்றது, பல பேர் சேர்ந்து பயன்படுத்தலாம். இடம் வேண்டும், புயலுக்குத் தாங்க நல்ல அடித்தளம் வேண்டும்.

கோவளம், கானத்தூர் பக்கத்து மீனவச் சகோதரிகளுக்கு ஒரு தகவல். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், வெயில் இல்லாத நேரத்தில் கேஸ் அல்லது மின்சாரத்தில் சூடாக்கும் வசதியோடு மீன் உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. மழைக்காலத்திலும் கருவாடு போட வேண்டிய குழுவுக்கு இந்த இரட்டை வழி தேவை. வெயிலை மட்டும் நம்பிய உலர்த்தி அடைமழை நாளில் வெறும் அலமாரிதான். இன்னொன்று, மீன் போட்ட உலர்த்தியில் வடாம், கீரை போடாதீர்கள். வாடை போகாது.

இப்போது நம் தராசை எடுப்போம். "அம்மா, இது ஒரு சதுர மீட்டர் பெட்டி, தினம் பத்து கிலோ பழுத்த மிளகாய் காய்ச்சிடலாம்" என்று ஒருவர் சொல்கிறார். சரியா? பத்து கிலோ பழுத்த மிளகாயில் ஏழரைக் கிலோ தண்ணீர் என்று வைப்போம். நன்றாகக் காய்ந்தால் 2.8 கிலோ வற்றல் மிஞ்சும். அதாவது 7.2 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் சூடு வேண்டும். 7.2-ஐ 0.65-ஆல் பெருக்கினால் 4.7 யூனிட். பெட்டியில் விழும் மொத்த வெயிலே 5 யூனிட்தான்! அதில் பாதிக்கு மேல் வீணாகும். ஆகவே ஒரே நாளில் காயாது. மூன்று நாள் பிடிக்கும், அல்லது மூன்று மடங்கு பெரிய பெட்டி வேண்டும். இந்தக் கணக்கு நம் நோட்டில் இருந்தால் விற்பவரும் யோசித்துத்தான் பேசுவார்.

அடுப்புகள்

பெட்டி அடுப்பு என்பது மூடியில் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்த பெட்டி. நாலு பேர் வீட்டுக்குச் சோறு, பருப்பு, முட்டை, காய் வேக வைக்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அடி பிடிக்காது, பொங்காது. ஆனால் தாளிக்க முடியாது, தோசை சுட முடியாது. காலையில் ஆறு மணிக்குச் சமைத்து வேலைக்கு ஓடுகிற வீட்டுக்கு இது உதவாது. கடலை வறுக்க, எள்ளு காய வைக்க, வேர்க்கடலை வேக வைக்கிற குழுவுக்கு உதவும்.

கிண்ண அடுப்பு குடை கவிழ்த்த மாதிரிக் கண்ணாடி. வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும், வறுக்கலாம், பொரிக்கலாம். ஆனால் வெயில் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குவிகிற இடத்தை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைக்கவே கூடாது.

பெரிய அளவில் இது நடந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள ஆரோவில்லில் 1997-ல் தொடங்கிய பொதுச் சமையற்கூடத்தின் மேல் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கட்டப்பட்டது. கிண்ணம் அசையாது, சூட்டை வாங்கும் குழாய் மட்டும் வெயிலோடு நகரும். அதில் வரும் நீராவியில் நாளைக்கு ஆயிரம் பேர் வரை சமைக்கும்படி அமைத்தார்கள். திருமலையில் 2002-ல் 106 கிண்ணங்கள் வைத்து, நாளைக்குப் பதினைந்தாயிரம் பேருக்குச் சமைக்கும் நீராவி அமைப்பு நிறுவப்பட்டது. இரண்டு இடத்திலும் வெயில் போதாத நேரத்துக்கு வேறு எரிபொருளில் ஓடும் பாய்லரும் உண்டு. அவ்வளவு பெரிய இடத்துக்கே மாற்று வழி தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் அதிகம் படிக்காத பெண்களே இரும்பை வளைத்து, வெல்டிங் வைத்து, கண்ணாடித் துண்டுகளை ஒட்டி இத்தகைய கிண்ண அடுப்புகளைச் செய்கிறார்கள். அளவுகோலும் பயிற்சியும் இருந்தால் இது கைவேலைதான்.

எங்கே வைப்பது? எப்படிப் பார்த்துக்கொள்வது?

* நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்கழி மதிய வெயில் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். அப்போதுதான் வெந்நீரும் தேவை. ஆகவே வெந்நீர்ப் பெட்டி தெற்கு பார்த்து, 20 முதல் 25 டிகிரி சாய்வில் இருக்கட்டும்.
* தெற்கே தென்னை மரம் இருக்கிறதா என்று பாருங்கள். காலி மனை இருந்தாலும் யோசியுங்கள். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இன்றைய காலி மனையில் நாளை மூன்று மாடி எழும்பும்.
* 2016 டிசம்பர் 12 வர்தா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாங்கியை வெறும் செங்கல் அடுக்கி நிறுத்தாமல் சிமெண்ட் கட்டையில் போல்ட் போட்டுக் கட்ட வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி 2015-ல் வெள்ளம் புகுந்த இடங்களில் உலர்த்தியைத் தரையில் வைக்காமல் மாடியில் வையுங்கள்.
* கண்ணாடியைக் காலையில், சூடேறும் முன் துடையுங்கள். மதியம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள்.
* தொட்டி மேலே காற்றுப் போக ஒரு குழாய் திறந்திருக்கும். அதை அடைக்கவே கூடாது. அடைத்தால் தொட்டி வெடிக்க வாய்ப்புண்டு.

தீர்மானம் எழுதும் முன் ஏழு கேள்விகள்

1. நம் வேலைக்கு எத்தனை டிகிரி சூடு வேண்டும்? கருவி அதைத் தருமா?
2. வருடத்தில் எத்தனை நாள் பயன்படுத்துவோம்?
3. எத்தனை சதுர மீட்டர்? ஒரு சதுர மீட்டருக்கு 5 யூனிட் என்ற கணக்கில் விற்பவர் சொல்வது பொருந்துகிறதா?
4. மழை நாளில் என்ன செய்வோம்?
5. இதே கருவி வைத்திருக்கும் ஒரு இடத்தை நேரில் போய்ப் பார்த்தோமா? அங்கே வேலை செய்கிற பெண்ணிடம், முதலாளி இல்லாதபோது, பேசினோமா?
6. உத்தரவாதம் எத்தனை வருடம்? கண்ணாடி உடைந்தால், பூச்சு போனால் யார் வருவார்கள்? எழுத்தில் இருக்கிறதா?
7. மாதம் மிச்சமாகும் கேஸ் பணமோ, கூடுதலாக வரும் விற்பனைப் பணமோ தவணையைவிட அதிகமா?

ஏழாவது கேள்விக்கு "ஆமாம்" என்று கணக்கோடு பதில் வந்தால் மட்டும் தீர்மானம் எழுதுங்கள். மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள். பொருள் விற்கும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்து பாருங்கள்

செலவில்லாத ஒரு சோதனை. ஒரே அளவு டம்ளர் மூன்று எடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். முதல் டம்ளரை அப்படியே வெயிலில் வையுங்கள். இரண்டாவதற்கு வெளியே கறுப்புப் பூசி வையுங்கள். மூன்றாவதற்கும் கறுப்புப் பூசி, வைக்கோலோ பழந்துணியோ அடைத்த அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டு மூடுங்கள். காலை பத்து மணிக்கு வைத்து, ஒரு மணிக்கு விரல் வைத்துப் பாருங்கள். மூன்றாவது டம்ளரில் கவனமாகத் தொடுங்கள்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம், ஏன் என்று படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். அவர் தலையாட்டினால் போதாது. அவர் இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டினால்தான் பாடம் முடிந்தது என்று அர்த்தம். உங்கள் குழு எந்தப் படிக்கட்டுச் சூட்டில் வேலை செய்கிறது, தினமும் எத்தனை கிலோ காய வைக்கிறது, எவ்வளவு கேஸ் செலவாகிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் மூலம் கொண்டுவாருங்கள். நாலைந்து குழுவின் கணக்கு ஒன்றுசேர்ந்தால், தனித்தனியாகச் சின்னப் பெட்டி வாங்குவதா, சேர்ந்து ஒரு கூடார உலர்த்தி போடுவதா என்று நாம் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.